அற்புதமேரியைத் திருப்பிப் போட்டவர்கள்

காலை ஏழேகாலுக்குத் தனசேகர் கைப்பேசியில் ஒரு படம் அனுப்பினான். தனசேகர், நான் நடத்தும் மெல்லிசைக் குழுவின் டிரம்ஸ்காரன். திண்டிவனம் பேருந்து நிலையத்துக்கு வெளியே கம்பத்தில் கட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி பேனரைப் பேருந்தில் போகிறபோக்கில் எடுத்திருந்தான். கீழே ஒரு வரி: "மாஸ்டர், இது நம்ம அற்புதம் அக்காவா?" நான் விழுப்புரத்தில் வீட்டு வாசலில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தேன். மூக்குக்கண்ணாடி உள்ளே இருந்தது. பேனரில் ஒரு பெண் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தார். முகம் அற்புதத்தின் முகம் மாதிரிதான் தெரிந்தது. ஆனால் அந்தப் பெண் வலது கையால் கம்பியை மீட்டிக்கொண்டிருந்தார். "இல்லடா, வேற யாரோ. கையப் பாரு" என்று பதில் அனுப்பிவிட்டு நிம்மதியாக வாய் கொப்பளித்தேன்.

அந்த நிம்மதி இரண்டு நிமிடம் இருந்தது. உள்ளே போய்க் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பெரிதாக்கியபோது பெயர் தெரிந்தது: செ. அற்புதமேரி, திண்டிவனம். உடனே அவருடைய கணவர் செல்வராஜை அழைத்தேன். முந்தின நாள் சாயங்காலம் அற்புதம் நெஞ்சு வலி என்றிருக்கிறார். ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவிலிருந்து இறக்கும்போதே எல்லாம் முடிந்துவிட்டது. "ஒங்க நம்பரு அவ போன்ல இருந்துச்சு சார். லாக்கு எப்புடி எடுக்கறதுன்னு தெரியல" என்றார் செல்வராஜ். அடக்கம் மாலை நாலு மணிக்கு. ஐம்பத்திரண்டு வயதுதான்.

எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம் வரும். என் பிறவிக் குணம், மாற்ற முடியவில்லை. விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் பேருந்து நின்றபோதும் அந்தப் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அற்புதமேரியை அறிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அவர் இடது கைக்காரர். இருபத்திரண்டு ஆண்டுகள் எங்கள் மேடையில் இடது கையால் கிட்டார் வாசித்தவர். அவர் செத்த மறுநாளே ஒருவர் அவரை வலது கைக்காரராக்கித் தெருவில் கட்டிவிட்டார்.

திண்டிவனத்தில் இறங்கியதும் துக்க வீட்டுக்குப் போகவில்லை. நேராக ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனேன். இது சரியா தவறா என்று என்னிடம் கேட்காதீர்கள். கடைக்காரர் முருகையனுக்கு நாற்பது வயதிருக்கும், எங்கள் கச்சேரிகளுக்கும் அவர்தான் பேனர் அடிப்பார்.

"முருகையன், அற்புதம் படத்தை யாருங்க திருப்பினது?"

"நான்தான் சார்." கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். "அவங்க கொழுந்தனாரு குடுத்த போட்டோவுல அந்தக்கா பீச்சாங்கையில வாசிச்சிகினு இருந்தாங்க. துக்க பேனரு பாருங்க, போறவன் வர்றவன் இன்னாடா இதுன்னு கேக்கக் கூடாது. ஒரே க்ளிக்கு. சரி பண்ணிட்டேன்."

சரி பண்ணிட்டேன். இந்த வார்த்தைதான் என்னைக் குத்தியது. அற்புதத்தைச் சரி பண்ணப் பார்த்தவர்களில் முருகையன் கடைசி ஆள், அவ்வளவுதான். முதல் வரிசையில் நான் இருக்கிறேன். அதனால் முருகையனை அந்தக் கடையிலேயே சற்று நிற்க வைத்துவிட்டு, முந்தைய கதையைச் சொல்லிவிடுகிறேன்.

அற்புதம் எங்கள் குழுவுக்கு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிட்டார் வாசித்துக்கொண்டிருந்த பையன் துபாய் போய்விட்டான், ஆள் தேடிக்கொண்டிருந்தோம். விழுப்புரத்தில் நாங்கள் ஒத்திகை பார்க்கும் கூடத்துக்குச் செல்வராஜ் தன் மனைவியைப் பைக்கில் கூட்டிக்கொண்டு வந்தார். திண்டிவனத்தில் அவருக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. வயலில் எரிந்துபோன பம்பு செட்டு மோட்டாரைப் பிரித்துச் செப்புக் கம்பியைப் புதிதாகச் சுற்றித் தருகிற வேலை. கணவனும் மனைவியும் சேர்ந்தே சுற்றுவார்கள். மல்லாட்டைக்கு, அதாவது நிலக்கடலைக்கு, தண்ணீர் பாய்ச்சுகிற மாதங்களில் மூச்சுவிட நேரமிருக்காது. அப்படிப்பட்ட மாதத்தில்தான் வந்திருந்தார்கள். பொதி மாதிரி துணி சுற்றிய கிட்டாரை அற்புதம் பிரித்தார், வாரைத் தோளில் மாட்டினார், தலைகீழாகப் பிடித்தார். எங்கள் ஆட்கள் சிரித்தார்கள்.

"திருப்பிப் புடிம்மா" என்றேன் நான்.

அவர் கொஞ்சமும் அசரவில்லை. "நான் சரியாத்தாங்க புடிச்சிகினு இருக்கேன். நீங்கதான் எதிர்ல உக்காந்துகினு இருக்கீங்க" என்றார்.

பிறகு சுருதி சேர்த்தார். கிட்டார்காரர்கள் கம்பிகளுக்கு ஆங்கில எழுத்துகளைச் சொல்வார்கள். அற்புதம் கட்டை சொன்னார். "மூணு, ஆறு, ரெண்டு, அஞ்சு, ஏழு, மூணு" என்று முணுமுணுத்தபடி ஒவ்வொரு கம்பியாக முறுக்கினார். ஆர்மோனியக்காரர்களும் பாடகர்களும் சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வது வழக்கம்தான். கிட்டாருக்குக் கட்டை சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. எங்கே பழகியது என்று கேட்டேன். ஊர் மாதா கோயிலில் பாடற்குழு ஆர்மோனியம் வைத்துப் பாடும், அந்த ஆர்மோனியத்தோடு சேர வேண்டுமென்றால் அந்தப் பாஷைதானே பேச வேண்டும் என்றார். வாசித்துக் காட்டச் சொன்னேன். அரை நிமிடத்தில் சிரித்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

கிட்டாரைக் கையில் வாங்கிப் பார்த்தேன். வெறுமனே கவிழ்த்துப் பிடித்த கிட்டார் இல்லை அது. ஆறு கம்பிகளையும் கழற்றி வரிசை மாற்றிப் போட்டிருந்தார். கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் பதிந்து நிற்க ஒரு சின்னத் துண்டு இருக்குமே, அதையும் எடுத்துவிட்டு, தடித்த கம்பிக்கு அகலப் பள்ளமும் மெல்லிய கம்பிக்குக் குறுகிய பள்ளமுமாகத் தானே அரத்தால் அறுத்து வேறொன்று ஒட்டியிருந்தார். வெள்ளையாக, வழவழவென்று இருந்தது. எதில் செய்தது என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கெழம கொழம்பு எலும்புங்க. மாட்டெலும்பு நல்லா நிக்கும்."

அந்த எலும்போடுதான் அந்தக் கிட்டார் இந்த மாவட்டத்தின் பாதித் திருவிழா மேடைகளில் ஒலித்தது. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்கிறவர்கள் கோபித்துக்கொள்ளலாம்.

சின்ன வயதில் இடது கையால் எழுதியதற்காக அடி வாங்கியிருக்கிறார். பாடற்குழுவில் கிட்டாரைத் தொட்டபோது வலது பக்கமாகப் பிடித்தால்தான் சொல்லித் தருவேன் என்றாராம் அங்கிருந்தவர். இரண்டு வருடம் அப்படிப் பிடித்துப் பார்த்தும் விரல் ஓடவில்லை. அப்புறம் ஒரு நாள் யாரையும் கேட்காமல் கம்பிகளைக் கழற்றி மாற்றிவிட்டார். இதைச் சொல்லும்போதெல்லாம் ஒன்றைச் சேர்த்துக்கொள்வார். எங்கள் வேனில் ஏறிய எல்லோருக்கும் அது மனப்பாடம்.

"சோறு வலது கையில. சிலுவை போடறது வலது கையில. சோத்துக்கும் சாமிக்கும் குடுத்தாச்சு. கிட்டாரையும் கேட்டா எப்புடிங்க?"

எங்களுக்குள் பெரிய சண்டை நடந்தது கண்டாச்சிபுரம் போகும் வழியில். கீபோர்டு வாசிப்பவனுக்கு எல்லாம் தனக்குத் தெரியும் என்ற நினைப்பு இருக்கும். எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. "என்ன இருந்தாலும் கிட்டார்னா அதுக்குன்னு ஒரு முறை இருக்கில்லையா அற்புதம், பல நூறு வருஷமா வர்ற முறை" என்று வாயைக் கொடுத்தேன். வேன் கண்டாச்சிபுரம் போய்ச் சேரும்வரை அவர் நிறுத்தவில்லை. பழைய வார இதழ்களில் கிட்டாரைப் பற்றி வந்ததை எல்லாம் கத்தரித்துக் கடை நோட்டில் ஒட்டி வைத்திருந்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது.

"எந்த முறைங்க மாஸ்டர்? அரபு நாட்டு ஆளுங்க ஊத்னு ஒரு வாத்தியத்த எடுத்துகினு ஸ்பெயினுக்குப் போனாங்க. கிட்டாருக்கு அதுதான் அப்பன்னு சொல்றவங்களும் இருக்காங்க, இல்ல இல்ல பெரியப்பன் மொறைதான்னு சொல்றவங்களும் இருக்காங்க. அத வுடுங்க. மொதமொதல்ல கிட்டாருக்கு நாலு வரிசை கம்பி. இத்துனூண்டு, கைக்கொழந்த மாரி இருக்கும். அப்பறம் அஞ்சு வரிசை. ஆறு ஒத்தக் கம்பின்னு ஆனதே ரொம்பப் பின்னாலதான். அப்போ நாலு கம்பிக்காரன் ஆறு கம்பிக்காரனப் பாத்து இன்னா சொல்லியிருப்பான்? முறை கெட்டுப்போச்சுன்னுதான?"

தனசேகர் முன் இருக்கையிலிருந்து, "சொல்லுக்கா, ஜல்தி, ஊரு வந்துடும்" என்று ஏற்றிவிட்டான்.

சொன்னார். பிறகு ஸ்பெயின் தேசத்துத் தச்சர் ஒருவர் அதன் உடம்பைப் பெரிதாக்கி, பலகைக்கு அடியில் விசிறி மடிப்பு போலச் சட்டங்கள் ஒட்டினார், குரல் தடித்தது. அதுவரைக்கும், அதற்குப் பிறகும் ரொம்ப காலம் கம்பி என்பதே ஆட்டுக்குடல்தான். விரல் வைக்கும் கட்டுகளையும் ஒரு காலத்தில் குடலால்தான் கழுத்தைச் சுற்றிக் கட்டினார்கள், வேண்டுமென்றால் நகர்த்திக்கொள்ளலாம். கப்பலேறி அமெரிக்கா போனதும் குடல் போய் எஃகு வந்தது. எஃகு இழுக்கிற இழுப்பைத் தாங்கியது, அங்கே முன்பே உள்ளே பெருக்கல் குறி போல மாற்றி ஒட்டியிருந்த சட்டங்கள்தான். அங்கே ஊதுகுழல்காரர்கள் கூட்டத்தில் கிட்டார் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. காந்தத்தை வைத்துச் செப்புக் கம்பி சுற்றிக் கரண்டு கொடுத்தார்கள். அப்படி வந்த முதல் கரண்டு கிட்டார்களில் ஒன்று வாணலி மாதிரி இருந்ததாம், பேரே அதற்கு வாணலிதானாம். மடியில் படுக்கவைத்து வாசித்தார்கள்.

"போன ஊர்ல எல்லாம் அத மாத்தியிருக்காங்க. கம்பியக் கூட்டினான், ஒடம்ப வளத்தான், கொடல உருவிட்டு இரும்பு போட்டான், கரண்டும் குடுத்துட்டான். ஒருத்தன் படுக்கவெச்சே வாசிச்சிட்டான். அப்பல்லாம் கெடாத முறை, திண்டிவனத்துக்கு வந்து சைடு மாறினா மட்டும் கெட்டுப்போவுதா? அதோட ஒடம்பப் பாருங்க மாஸ்டர். எட்டு மாரி இருக்கு. எட்டுக்கு இன்னா வலது, இன்னா இடது?"

நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அந்தக் காந்தமும் செப்புக் கம்பியும் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பிற்பாடு அற்புதம் ஒரு பழைய எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கினார். கம்பிகளுக்கு அடியில் இரண்டு பிக்கப்புகள், அதாவது காந்தத்தைச் சுற்றிய காயில்கள். அதில் ஒன்று செத்துப்போயிருந்தது. சென்னைக்கு அனுப்பலாம் என்றேன். "காயில் செத்துப்போனா திண்டிவனத்துல இருந்து எதுக்கு சென்னைக்குப் போவணும்?" என்று சிரித்தார். பம்பு செட்டுக் கம்பி அதற்குத் தடிமன், தலைமுடி மாதிரி கம்பி வேண்டும். பழைய ரிலே சுவிட்சு ஒன்றைப் பிரித்து எடுத்தார். கடையில் வேலை ஓய்ந்த மத்தியானங்களில் சுற்றினார், பல ஆயிரம் சுற்று. இரண்டு தடவை அறுந்தது, மூன்றாவது தடவை அறுபடவில்லை. ஒத்திகைக் கூடத்தில் போட்டுப் பார்த்தபோது அந்தக் காயில் தனியாக நன்றாகப் பேசியது, பழைய காயிலும் தனியாக நன்றாகப் பேசியது. இரண்டையும் சேர்த்துப் போட்டால் சளி பிடித்த மாதிரி மெலிந்து ஒலித்தது. எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அற்புதம் கொஞ்ச நேரம் யோசித்தார், பிறகு தலையில் தட்டிக்கொண்டார். தொழிற்சாலைக் காயில் ஒரு பக்கமாகச் சுற்றியது, அவருடைய இடது கை அதற்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருந்தது. ஒன்று தள்ளும்போது இன்னொன்று இழுத்திருக்கிறது.

"அப்ப மறுபடியும் வலது பக்கமா சுத்தணுமா?" என்று கேட்டேன்.

"இன்னாத்துக்கு?" ஈயம் உருக்கும் சூட்டுக்கோலை எடுத்து அந்தக் காயிலின் இரண்டு முனைகளையும் இடம் மாற்றிப் பற்றவைத்தார். தட்டிப் பார்த்தார். கூடம் நிறைய ஒலித்தது. "ரெண்டு ஒயர மாத்துனா தீந்துது. இதுக்குப் போயி கையையா மாத்துவாங்க?"

இனி நான் சொல்ல விரும்பாததைச் சொல்ல வேண்டும். விழுப்புரத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. மேடையில் சாமான்களை இறக்கிச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளையின் தாய்மாமன் வந்து எங்கள் ஒவ்வொருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அந்தக் கிட்டாரு வாசிக்கிற பொம்பள எந்த ஊரு?" என்றார். திண்டிவனம் பக்கம் என்றேன். "பக்கம்னா எங்க? எந்தத் தெரு?" என்றார். நான் மென்று விழுங்கினேன். அவருக்கு அது போதுமாக இருந்தது. "மங்கள காரியத்துல பீச்சாங்கையில வாசிச்சிகினு நிக்குதே, பாக்க நல்லாவா இருக்கு? வலது கையில வாசிக்கச் சொல்லுங்க. இல்லாட்டி பின்னால எங்கனா உக்காரச் சொல்லுங்க."

அந்த இடத்தில் ஒரு மனிதன் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். சாமான்களை மூட்டை கட்டியிருக்க வேண்டும். நான் அற்புதத்திடம் போனேன். "இன்னிக்கு ஒரு நாள் மட்டும் வலது பக்கமா சும்மா பிடிச்சுக்கிட்டு நில்லுங்க. கிட்டார் சத்தத்தை நான் கீபோர்டுல போட்டுக்கறேன்" என்றேன். கிட்டார் மாதிரி ஒலிக்கிற ஒரு பொத்தான் என் கீபோர்டில் இருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் நான் செய்த கேவலமான காரியம் அதுதான்.

அற்புதம் என்னைப் பார்த்தார். "இது அவரு கேட்டதா, நீங்க கேக்கறதா?"

"எல்லாருக்கும் நல்லதுன்னுதான்…" என்று இழுத்தேன்.

"அவரு கைய சாக்கு வெக்கிறாரு. தெருவக் கேட்டப்புறம்தான கையப் பாத்தாரு? காதுல வுழுந்துச்சு."

கச்சேரி தொடங்கியதும் கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார். டிரம்ஸைப் பார்த்தபடி, இடது கையால், இரண்டரை மணி நேரம் வாசித்தார். அவர் முதுகுக்கு அந்தப்புறம் கிட்டாரின் கழுத்து மட்டும்தான் கூட்டத்துக்குத் தெரிந்தது. திரும்பி நின்றதால் அது வலது கைக்காரர்களின் கிட்டார் மாதிரியே நீட்டிக்கொண்டிருந்தது. "கழுத்து அவரு கேட்ட பக்கந்தான இருக்குது?" என்று தனசேகரிடம் சொன்னாராம். வேடிக்கை என்னவென்றால், கச்சேரி நடுவில் தாய்மாமன் மேடையோரம் வந்து என்னிடம், "இப்பதான் பாக்க சரியா இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு வாசித்த மாதிரி அற்புதம் அதற்கு முன்னும் வாசித்ததில்லை, பின்னும் வாசித்ததில்லை. தனசேகர் ஒருவன்தான் அதை நேருக்கு நேர் பார்த்தவன். இன்றைக்கும் அவன் அதைச் சொல்லும்போது எனக்குப் பொறாமையாக இருக்கும்.

அவர் குழுவை விட்டுப் போகவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. ஆனால் மறுநாளிலிருந்து என்னை "சார்" என்று அழைத்தார். எங்கள் குழுவில் எல்லோருக்கும் நான் மாஸ்டர். அதுவரை அவருக்கும் மாஸ்டர்தான். அந்தச் சாரில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியாது, மரியாதையான சொல். அதற்குப் பிறகு பத்து வருடத்துக்கு மேல் ஒன்றாக வேனில் போனோம், வந்தோம், சாப்பிட்டோம். நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் மறந்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒவ்வொரு "சார்"க்கும் அவர் மறக்கவில்லை என்பது எனக்குத் தெரிந்துகொண்டேதான் இருந்தது.

இப்போது முருகையனின் கடைக்கு வருவோம். "படத்தை மறுபடி திருப்பி வேற பேனர் அடிங்க" என்றேன்.

"இன்னா சார் பேஜாரு பண்றீங்க? அவங்க ஊட்டுல யாரும் ஒண்ணும் சொல்லல. நாலு மணிக்கு எடுக்கப்போறாங்க."

"நாலு மணிக்கு முன்னாடி வேணும்."

"பீச்சாங்கை சார் அது. செத்தவங்களுக்கு ஒரு மரியாதை வேணாமா?"

நான் இடது கை, வலது கை, ஸ்பெயின், அமெரிக்கா என்று எல்லாவற்றையும் சொன்னேன். அற்புதம் வேனில் சொன்னதை அவர் அளவுக்கு எனக்குச் சொல்ல வரவில்லை. முருகையன் கொட்டாவியை அடக்கிக்கொண்டிருந்தார். படத்தைத் திரையில் திறக்கச் சொன்னேன். அப்போது ஒன்று கண்ணில் பட்டது. "சரி, கையை விடுங்க. முந்தானையைப் பாருங்க" என்றேன்.

முருகையன் பார்த்தார். படத்தோடு சேர்ந்து புடவையும் திரும்பியிருந்தது. முந்தானை வலது தோளில் கிடந்தது.

"அட கடவுளே!" என்று நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "இன்னா சார் இது, வடநாட்டு அம்மா மாரி ஆயிட்டாங்களே! நம்ம ஊர்ல எந்தப் பொம்பள இப்புடிக் கட்டும்? எல்லாரும் என்னத்தான கேப்பாங்க!" ஒரே கிளிக். அற்புதம் திரும்பி வந்துவிட்டார். இடது கை கம்பியின் மேல், முந்தானை இடது தோளில். "மிஷின் சூடாத்தான் இருக்குது சார், அரை மணி நேரம் உக்காருங்க" என்றார்.

முந்தானை இடம் மாறினால் ஊரே கேட்கும், கை மாறினால் அது சரி பண்ணியது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அடித்து நொறுக்கலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. பேனரைச் சுருட்டி வாங்கிக்கொண்டு, தனசேகரை வரச் சொல்லி, பேருந்து நிலையத்துக்கு வெளியே பழைய பேனரை அவிழ்த்துவிட்டுப் புதியதைக் கட்டினோம். கட்டும்போது டீக்கடையிலிருந்து ஒருவர், "இன்னாபா, ஃபோட்டோ திரும்பிக்கினு இருக்குதே?" என்று கத்தினார். "இல்லங்க, முன்னாடி இருந்ததுதான் திரும்பிக்கினு இருந்தது" என்று தனசேகர் பதில் கொடுத்தான்.

அதற்குப் பிறகுதான் வீட்டுக்குப் போனேன். பெட்டியில் அற்புதத்தின் கைகளைக் கோத்து ஜெபமாலை சுற்றியிருந்தார்கள், வலது கை மேலே இருந்தது. அதில் நான் வாய் திறக்கவில்லை. சாமிக்கு அந்தக் கையைக் கொடுத்துவிட்டதாக அவரே சொன்னவர். ஊர்வலம் பேருந்து நிலையத்தைத் தாண்டியபோது பெட்டி புதிய பேனருக்கு அடியில்தான் போயிற்று.

அடக்கம் முடிந்து திரும்பியபோது செல்வராஜ் கிட்டாரைத் துணியில் சுற்றி எடுத்துவந்தார். எலும்புத் துண்டு ஒட்டிய அந்தப் பழைய கிட்டார். "ஊட்ல யாரும் வாசிக்கறதில்ல சார். நீங்க வெச்சிக்கங்க. கம்பிய மாத்திப் போட்டுட்டீங்கன்னா ஒங்க புள்ளைங்க யாராவது வாசிக்கும்" என்றார்.

மாற்ற மாட்டேன் என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது, துக்கத்துக்கு வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்போதுதான் கேட்டேன், எத்தனையோ வருடமாகக் கேட்க நினைத்ததை. "செல்வராஜ், அற்புதம் வீட்ல என்னைப் பத்தி ஏதாவது சொல்லுவாங்களா?"

அவர் சங்கடப்பட்டார். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "தப்பா நெனைக்காதீங்க சார். ஊட்ல ஒங்களுக்கு அவ ஒரு பேரு வெச்சிருந்தா. மொத நாள் நீங்க சொன்னீங்களாமே, அதுவே. 'இன்னிக்கு திருப்பிப்புடி இன்னா சொன்னாரு தெரியுமா'ம்பா. 'திருப்பிப்புடி போன் பண்ணாரு'ம்பா. அவ போன்லயும் ஒங்க நம்பர அந்தப் பேர்லதான் போட்டு வெச்சிருந்தா."

நண்பர்களே, அற்புதமேரியிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இரண்டு. ஒன்று அந்தப் பெயர். எனக்குப் பொருத்தமாக ஒருவர் வைத்த ஒரே பெயர் அதுதான், சாகும்வரை அதை நான் மறுக்கப்போவதில்லை. இன்னொன்று கிட்டார். விழுப்புரம் ஒத்திகைக் கூடத்தில், உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுகிற சுவரில் மாட்டியிருக்கிறேன். கம்பி வரிசை அவர் போட்டபடியே இருக்கிறது. எனக்கு அதை வாசிக்க வராது. வாரத்துக்கு ஒரு நாள் சுருதி மட்டும் சேர்க்கிறேன்: மூன்று, ஆறு, இரண்டு, ஐந்து, ஏழு, மூன்று. போன வாரம் புதிதாக வந்த பாடகர் ஒருவர் ஆசையாக அதை எடுத்துத் தட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா மாஸ்டர், கம்பியெல்லாம் திருப்பிப் போட்டிருக்குது?" என்று கேட்டார்.

"அது சரியாத்தான் இருக்குது. நீங்கதான் எதிர்ல நின்னுகினு இருக்கீங்க" என்றேன்.